‘ஒருவகைப் பறவை’ என்னும் உரை போதுமா?

வீரனுக்குக் கல் நட்டு, அக்கல்லில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து வைத்த மரபு நம்முடையது. புலவனுக்குச் சிலை, புரவலனுக்கு மண்டபம், தலைவனுக்கு மணிமண்டபம் எனப் போற்றும் வழக்கம் இன்றும் குறைவின்றி நடைபெறுகின்றது. ஆயின் மலைமலையாக ஏறி இறங்கி, ஏரிக்கரையிலும் முட்புதர்க் காட்டிலும் வாழ்நாளைச் செலவிட்டு, “இம்மலரின் பெயர் இது, இப்பறவையின் இயல்பு இது” என்று நமக்கு எடுத்துரைத்த இயற்கை அறிஞர்களை நாம் எவ்வாறு போற்றியுள்ளோம்? அவர்களைப் போற்றுவது அறிவியல் துறையாரின் கடமை என்று தமிழ்த்துறையினர் ஒதுங்கியிருப்பது முறையாகுமா? அவர்களுக்கு மிகுதியாகக் கடன்பட்டவர்கள் தமிழ் பயில்வோரும் பயிற்றுவோருமே என்பது என் கருத்து. அக்கடனை மாலையாலும் பொன்னாடையாலும் தீர்க்க இயலாது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

இலக்கியம் எழுப்பும் வினா

முதல், கரு, உரி என மூன்றாகப் பொருளைப் பகுத்தவர் நம் முன்னோர். கருப்பொருளுள் மாவும் மரமும் புள்ளும் அடங்கும். தொல்காப்பிய மரபியல் விலங்கு, பறவை ஆகியவற்றின் இளமைப் பெயர்களையும் ஆண்பாற் பெண்பாற் பெயர்களையும் தொகுத்துத் தருகின்றது; உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகின்றது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொல்கின்றது. இத்தகைய இலக்கியத்தை உடைய மொழியைப் பயிலும் மாணவன், அம்மலர்களுள் எத்தனையைக் கண்ணால் கண்டு பெயர் சொல்ல வல்லவனாக இருக்கின்றான்?

குறிஞ்சிப்பாட்டு ஏடுகளில் சில மலர்ப்பெயர்கள் சிதைந்து விடுபட்டிருந்தன. அவற்றைக் காணாது வருந்திய டாக்டர் உ.வே. சாமிநாதையர், தருமபுர ஆதீனத்து ஏடுகளிடையே தேடி அப்பெயர்களைக் கண்டெடுத்த வரலாற்றை அவரே எழுதியிருக்கின்றார். பத்துப்பாட்டு 1889-ஆம் ஆண்டில் அச்சில் வெளிவந்தது. உதிர்ந்த சில பெயர்களுக்காக ஊர் ஊராக அலைந்த அப்பெருமகனாரின் உழைப்பினால் மலர்களின் பெயர்கள் நமக்கு முழுமையாகக் கிடைத்தன. பெயர் கிடைத்தது, மலர் கிடைத்ததா? ஏட்டில் விடுபட்டதைத் தேட ஒரு சாமிநாதையர் இருந்தார். காட்டில் விடுபட்டுக்கொண்டிருப்பதைத் தேடுவார் யார்?

நம் உரைகளையும் அகராதிகளையும் புரட்டிப் பார்த்தால் ‘ஒருவகை மரம்’, ‘ஒருவகைப் பூ’, ‘ஒருவகைப் பறவை’ என்னும் விளக்கங்கள் பலவிடத்தும் எதிர்ப்படுகின்றன. உரையாசிரியர் காலத்தில் அது குறையன்று. கற்போன் அம்மரத்தின் நிழலில் அமர்ந்தே பாடம் கேட்டிருப்பான். அவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இன்றைய மாணவனுக்கோ ‘ஒருவகை’ என்பதே முழுப்பொருளாகி விடுகின்றது. நெய்தற் பாட்டில் வரும் ஞாழலையும் புன்னையையும் ‘கடற்கரை மரங்கள்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, நாள்தோறும் அவர்கள் மிதிவண்டி நிறுத்தும் மரமே புன்னை என்று காட்டினால் வியந்து நிற்கின்றனர். புன்னையைத் தன் உடன்பிறந்தாளாகக் கருதி, அதன் நிழலில் தலைவனோடு நகைத்துப் பேச நாணும் நற்றிணைத் தலைவியின் உள்ளம், அம்மரத்தின் அடர்ந்த நிழலையும் வெண்ணிற மலரையும் அறியாதவனுக்கு எங்ஙனம் விளங்கும்?

அன்றிலை எடுத்துக்கொள்வோம். துணையைப் பிரிந்தால் உயிர்வாழாத கற்பனைப் பறவை என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். ஆனால் சங்கப் புலவர்கள் அதன் சிவந்த தலையையும், வளைந்த அலகையும், பனைமரத்தில் அது கூடமைத்து வாழ்வதையும், இரவில் அது எழுப்பும் குரலையும் கண்டு பாடியிருக்கின்றனர். கரிய உடலும், தலையின் பின்புறத்தே சிவந்த திட்டும், அரிவாள் போல் வளைந்த நீண்ட அலகும் உடைய ஒரு பறவை இன்றும் நம் வயல்வெளிகளில் இரை தேடுகின்றது. உயர்ந்த மரங்களிலும் பனையிலும் கூடு கட்டுகின்றது. பறவை நூலார் அரிவாள் மூக்கன் என்னும் இனத்துள் அதனைச் சேர்ப்பர். அப்பறவையைக் களத்தில் கண்டு அதன் உருவையும் வாழ்வையும் எழுதி வைத்தவர்கள் இல்லையெனில், அன்றில் இன்னும் புராணப் பறவையாகவே நின்றிருக்கும். புலவன் கண்டதைத்தான் பாடினான் என்பதற்குச் சான்று தந்தவன் இயற்கை அறிஞன்.

வருடை என்னும் சொல்லும் அத்தகையதே. மலைச்சரிவில் வாழும் ஆடு என்ற பொருளோடு, எட்டுக்கால் கொண்ட சரபம் என்னும் கற்பனை உயிரின் பொருளும் அகராதிகளில் அச்சொல்லுக்குக் கலந்து கிடக்கின்றது. செங்குத்தான பாறை முகட்டில் தயங்காது பாயும் வரையாட்டை நேரில் கண்டவனுக்கு இக்குழப்பம் நேராது.

கண்டு எழுதியவர்கள்

தமிழகத்தின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் அறிவியல் முறையில் பதிவுசெய்யும் முயற்சி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுப்புறத்துச் செடிகளைத் திரட்டி, அவற்றின் உள்ளூர்ப் பெயர்களோடு இலண்டனுக்கு அனுப்பினார். அப்பெயர்களை அவருக்குச் சொன்னவர்கள் இம்மண்ணின் மக்களே.

தமிழ்த்துறையினர் மறக்கவே கூடாத ஒருவர் யோகான் பீட்டர் ராட்லர். 1749-இல் பிறந்து, 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1836-இல் சென்னையில் மறைந்த இச்சமயத் தொண்டர் இரு பெரும்பணிகளைச் செய்தார். ஒன்று, தென்னிந்தியத் தாவரங்களைத் தேடித் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அறிமுகம் செய்தது. ஒரு தாவரப் பேரினத்திற்கே அவர் பெயர் சூட்டப்பெற்றது. மற்றொன்று, தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தது. 1834 முதல் 1841 வரை நான்கு பகுதிகளாக அது வெளிவந்தது. இறுதிப் பகுதிகளைக் காண அவர் உயிரோடில்லை. பிறர் முடித்து வெளியிட்டனர். தாவரவியலார் அவரைத் தாவரவியலாராக மட்டும் அறிவர். அகராதி வரலாறு எழுதுவோர் அகராதியாளராக மட்டும் அறிவர். செடியைக் கண்ட கண்ணும் சொல்லைத் தேடிய கையும் ஒருவருடையவையே என்பதை இருசாராரும் மறந்துவிடுகின்றனர். இன்று நம் கல்லூரிகளில் தமிழ்த்துறைக்கும் தாவரவியல் துறைக்கும் இடையே எழுந்துள்ள சுவர் அவர் காலத்தில் இல்லை.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய இராபர்ட் வைட் என்பார் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தாவரப் படத்தொகுதிகளில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அப்படங்களை வரைந்தவர்களுள் முதன்மையானவர்கள் இரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர். வைட் தம் ஓவியரை மறக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் கோவிந்துவின் பெயரையே 1853-இல் சூட்டினார். பிற்கால ஆய்வில் அப்பேரினம் வேறொன்றனுள் அடக்கப்பட்டதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. எனினும், உடன் உழைத்தவனின் பெயரை நூலில் பொறிக்க வேண்டும் என்ற அந்த நேர்மை போற்றத்தக்கது. பெயர் சூட்டல் ஒன்றே நிலையான சிறப்பாகாது என்பதற்கும் இதுவே சான்று.

நம் காலத்தின் முன்னோடிகள்

இந்தியப் பறவையியல் என்றவுடன் நினைவுக்கு வருபவர் சாலிம் அலி. 1896-இல் பம்பாயில் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துச் சிட்டின் பெயர் அறிய விரும்பினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். “இது என்ன பறவை?” என்ற அந்த ஒரு வினாவே ஒரு வாழ்வை உருவாக்கியது. பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் பறவையியல் பணி ஒன்று அவருக்குக் கிடைக்காது போயிற்று. அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளை ஆய்ந்தார். 1941-இல் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல பதிப்புகளைக் கண்டது. 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார், 1987-இல் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990-இல் அவர் பெயரால் ஒரு பறவையியல், இயற்கை வரலாற்று மையம் நிறுவப்பட்டது.

அவர் பெயரால் வழங்கும் ஒரு பழந்தின்னி வௌவாலின் வரலாறு இவண் கருதத்தக்கது. தேனி மாவட்டத்து மேகமலைப் பகுதியில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தேயிலைத் தோட்டக்காரர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தி அனுப்பினார். அது எங்கும் காணக்கூடிய வேறொரு வௌவால் எனத் தவறாகக் குறிக்கப்பெற்று, பம்பாய்க் கழகத்தின் பேழையில் இருபதாண்டுகளுக்கு மேல் கிடந்தது. கிட்டி தோங்லோங்யா என்னும் தாய்லாந்து அறிஞர் அதனைக் கூர்ந்து நோக்கி, அது புதிய பேரினம் என்று கண்டறிந்து, 1972-இல் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். நம் மலையில் பறந்த ஓர் உயிர், பார்க்கத் தெரிந்த கண் ஒன்று கிடைக்கும் வரை, ‘ஒருவகை வௌவால்’ என்ற நிலையிலேயே இருந்தது. நம் அகராதிகளின் ‘ஒருவகை’களும் அத்தகைய கண்களுக்காகக் காத்திருக்கின்றன.

தமிழ்த்துறைக்கு இன்னும் நெருக்கமானவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவை நாவல் வரலாற்றில் ஒவ்வொரு மாணவரும் படிக்கின்றனர். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பேசி அமர்ந்த நிலையில் 1925-இல் உயிர் நீத்தவர் அவர். அவர்தம் மகனே கிருஷ்ணன் என்பதை எத்தனை பேர் அறிவர்? 1912-இல் பிறந்த கிருஷ்ணன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது பைசன் என்னும் தாவரவியல் பேராசிரியரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று மலைத் தாவரங்களைக் கண்டார். ஆசிரியர் ஒருவர் மாணவனை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்றதன் பயனை இங்கே காண்கிறோம். 1950 முதல் 1996-இல் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையையும் புலியையும் மட்டுமன்று, காக்கையையும் அணிலையும் ஓணானையும் அவர் எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுக்கப்பெற்றுள்ளன. தந்தையின் நாவலைப் பாடமாக வைக்கும் நாம், மகனின் கட்டுரை ஒன்றையேனும் உரைநடைப் பகுதியில் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாமவர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய அருள்தந்தை கே.எம். மாத்யூ. 1967-இல் அக்கல்லூரியில் இராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவினார். தமிழகத்தின் கீழைச் சமவெளியையும் அதனை அடுத்த குன்றுகளையும் மாணவர்களோடு சல்லடையிட்டுத் தேடி, அவர் உருவாக்கிய தாவரத் தொகுதிகள் 1981 முதல் 1988 வரை வெளிவந்தன. பழனிமலைத் தாவரங்கள் பற்றிய தொகுதிகள் 1999-இல் வெளிவந்தன. கேரளத்தில் பிறந்து, தமிழகத்தின் செடிகொடிகளுக்குத் தம் வாழ்வை அளித்து, 2004-இல் மறைந்தார். ஒரு கல்லூரி ஆசிரியர், கல்லூரியில் இருந்தபடியே, தம் வட்டாரத்தின் இயற்கைக்குச் செய்யக்கூடிய பணிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பெயர் எழுதப்படாதோர்

இயற்கை அறிஞர்களைப் போற்றும்போது, அவர்களுக்கு வழிகாட்டியவர்களை மறத்தல் நன்றியன்று. காட்டுக்குள் நூலாசிரியனை அழைத்துச் சென்றவன், மரத்தில் ஏறிக் கூட்டைக் காட்டியவன், இரவில் குரலைக் கேட்டே பறவையைச் சொன்னவன் ஆகியோர் பெயர் பெரும்பாலும் நூலின் முன்னுரையிலும் இடம்பெறுவதில்லை.

ஆந்திரத்துக் கடப்பைப் பகுதியில் நிகழ்ந்ததொரு செய்தி இதனை நன்கு உணர்த்தும். ஜெர்டன் என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் ஓடுபறவை ஒன்று உண்டு. முட்புதர்க் காட்டில் இரவில் இரைதேடும் அச்சிறு பறவை 1848-இல் அறிவுலகிற்கு அறிமுகமாயிற்று. 1900-ஆம் ஆண்டிற்குப் பின் யாரும் கண்டதாகப் பதிவில்லை. அது அழிந்துபோயிற்று என்றே பலர் கருதினர். 1986-ஆம் ஆண்டு சனவரியில் ஐத்தன்னா என்னும் உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் அதனைப் பிடித்தார். பம்பாய்க் கழகத்தைச் சேர்ந்த பாரத் பூஷண் அதனை உலகிற்கு அறிவித்தார். அறிஞர்களுக்கு எண்பத்தாறு ஆண்டுகள் காணாமற்போன பறவை, அவ்வூர் மக்களுக்குக் காணாமற்போகவில்லை. அவர்கள் மொழியில் அதற்குக் ‘கலிவி கோடி’ என்னும் பெயர் வழங்கிக்கொண்டே இருந்தது. நூலில் அழிந்த உயிர் நாவில் வாழ்ந்தது. இதனினும் வலுவாக, மக்கள் வழக்கின் மதிப்பை எடுத்துக்காட்ட வல்ல நிகழ்ச்சி வேறில்லை.

நம் மாநிலத்தில் இருளர் மக்களின் பாம்பறிவு இத்தகையது. 1978-இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நச்சுமுறி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சை அச்சங்கம் அளித்து வந்துள்ளது. பாம்புக்கடிக்கு ஆளாகி உயிர் பிழைத்தவர் பலர், தம்மைக் காத்த மருந்தின் தொடக்கத்தில் ஓர் இருளரின் கை இருந்ததை அறியார். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஏட்டுக் கல்வியின் துணையின்றிப் பாம்பின் தடத்தை மண்ணில் படிக்கவல்ல அவர்களையும் இயற்கை அறிஞர் என்றே நாடு ஏற்றுக்கொண்டது எனக் கொள்ளலாம். காலம் தாழ்ந்த சிறப்பாயினும் தக்க சிறப்பே.

எவ்வாறு போற்றுவது?

தமிழக அரசு அக்டோபர் 7-ஆம் நாளை வரையாடு நாளாகக் கடைப்பிடிக்கின்றது. அது குன்னூரில் வழக்கறிஞராக இருந்த இ.ஆர்.சி. தாவீதாரின் நினைவைப் போற்றும் நாள். 1975-இல் வரையாட்டைப் பற்றிய முன்னோடி ஆய்வு ஒன்றைச் செய்தவர் அவர். மனிதரைச் சிறப்பிக்கும் நாளுக்கு அவர் நேசித்த விலங்கின் பெயரை வைத்தது பொருத்தமான முறை. சிலை வைத்தால் அதன் மேல் தூசி படியும். வரையாடு வாழ்ந்தால் அவர் பெயரும் வாழும்.

தமிழ்த்துறைக்குரிய முறை யாது? அதற்கும் முன்னோடிகள் இருக்கின்றனர். ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே சங்க நூல்களின் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் விலங்குகளையும் ஆராய்ந்து தனித்தனி நூல்கள் தந்தவர் பி.எல். சாமி. ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ என்னும் கு. சீநிவாசனின் நூலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் வெளியிட்டது. தமிழ்ப் பேராசிரியராகிய க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். சு. தியடோர் பாஸ்கரன் சூழலியலைத் தமிழ் உரைநடையின் ஒரு துறையாக வளர்த்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2013-ஆம் ஆண்டிற்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. இலக்கிய அமைப்பு ஒன்று இயற்கை எழுத்தாளரைச் சிறப்பித்தமை நமக்கொரு நல்வழி காட்டுகின்றது.

“இவையெல்லாம் அறிவியலாரின் வேலை, இலக்கியச் சுவையை உணர்த்துவதே நம் வேலை” என்று சொல்வோர் உளர். சுவை எதனால் பிறக்கின்றது? உள்ளுறையும் இறைச்சியும் கருப்பொருளின் இயல்பைப் பற்றுக்கோடாகக் கொண்டே எழுகின்றன. நாரை காத்திருக்கும் விதம் தெரியாதவனுக்கு, நாரையைச் சான்றாக வைத்துத் தலைவி கூறும் குற்றச்சாட்டின் கூர்மை விளங்காது. அறிவியல் இங்கே சுவைக்குப் பகையாகாது. சுவையின் வாயிலைத் திறந்துவிடும் திறவுகோலாகும்.

“நம் பறவைக்கும் விலங்கிற்கும் அயல்நாட்டார் பெயர் எதற்கு?” என்று கேட்போரும் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் உழைத்தவர் பெயரை அழித்து நாம் பெறப்போவது ஒன்றுமில்லை. அவர்கள் அக்காலத்து வழக்கப்படி துப்பாக்கியால் சுட்டே பல உயிர்களை ஆராய்ந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. போற்றுதல் வேறு, வழிபடுதல் வேறு. அறிவியற் பெயர் அறிவியலில் நிற்கட்டும். ஜெர்டனின் பெயருக்குப் பக்கத்தில் கலிவி கோடியும் எழுதப்படட்டும். நம் பெயர் இல்லாமற்போனதற்கு அவர்கள் எழுதியதைக் காரணமாகச் சொல்லுதல் தகாது. நாம் எழுதாமல் விட்டதே அதற்குக் காரணம்.

ஆகவே தமிழ்த்துறைகளின் முன் சில பணிகளை வைக்க விரும்புகிறேன். முதலாவது, ஒவ்வொரு கல்லூரி வளாகத்திலும் நிற்கும் மரங்களுக்குத் தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் இணைந்து பெயர்ப்பலகை அமைக்க வேண்டும். இலக்கியப் பெயர், ஊர்வழக்குப் பெயர், அறிவியற் பெயர் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை.

இரண்டாவது, மாணவர்க்குத் தரும் ஒப்படைப்புப் பணிகளை மாற்ற வேண்டும். ‘இன்னார் கவிதைகளில் இயற்கை’ என்னும் தலைப்பில் நிலவு எத்தனை முறை, மலர் எத்தனை முறை என்று எண்ணிக் காட்டும் கட்டுரைகள் போதும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊர் முதியோரிடம் இருபது பெயர்களைக் கேட்டுத் தொகுத்து வரட்டும். உழவர் வீட்டுப் பிள்ளை வயலில் முளைக்கும் களைகளின் பெயர்களைக் கொண்டுவரலாம். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் மீன்களின் பெயர்களையும், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுகளின் குணங்களையும் தம் பாட்டனாரிடம் கேட்டு எழுதலாம். ஒரு மீன் குஞ்சாக இருக்கையில் ஒரு பெயரும் வளர்ந்தபின் வேறொரு பெயரும் பெறுதல் கடற்கரை வழக்கில் உண்டு. மரபியல் கூறும் இளமைப் பெயர் மரபின் தொடர்ச்சியன்றோ அது! அப்பாட்டனார் மறைந்தால் அச்சொற்களும் அவரோடு மறையும். ஏட்டுச்சுவடியைச் செல் அரித்தால் பிறிதொரு படி எங்கேனும் கிடைக்கலாம். மனிதர் மறைந்தால் மறுபடி கிடையாது.

மூன்றாவது, இவ்வாறு திரட்டியவற்றைப் பயன்பட வைக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உருவாக வழி செய்துள்ளது. உள்ளூர் உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் எழுதி வைப்பதற்கான ஏடு அது. சொல்லைச் சரியாகக் கேட்கவும், ஒலி பிறழாது எழுதவும், வழக்கு வேறுபாட்டைக் குறிக்கவும் பயிற்சி பெற்றவர்கள் தமிழ் மாணவர்களே. அப்பதிவேட்டுப் பணியில் அவர்கள் இணைக்கப்பெற்றால் மொழியறிவு மண்ணுக்குப் பயன்படும்.

நான்காவது, ஆண்டிற்கொரு முறையேனும் துறை விழாவில் ஓர் இயற்கை அறிஞரின் பெயரால் சொற்பொழிவு நடைபெற வேண்டும். ஓராண்டு ராட்லர், ஓராண்டு சாலிம் அலி, ஓராண்டு கிருஷ்ணன் என முறை வைத்துக்கொள்ளலாம். அம்மேடையில் பேராசிரியர் ஒருவரோடு ஊர்ப் பெரியவர் ஒருவரும் அமரட்டும். அவர் மீனவராக இருக்கலாம். ஆடு மேய்ப்பவராக இருக்கலாம். மூலிகை பறிக்கும் மூதாட்டியாக இருக்கலாம். அவர்தம் பெயர் அழைப்பிதழில் முழுமையாக அச்சாகட்டும்.

இப்பணிகள் நடந்தேறின் இயற்கை அறிஞர்க்கு நாம் செலுத்தும் நன்றி முழுமை பெறும். அவர்கள் விரும்பியது தம் பெயர் நிலைப்பதையன்று. தாம் கண்டது பிறராலும் காணப்பட வேண்டும் என்பதையே. சங்க நூலொன்றுக்கு இனி உரை எழுதப் புகும் இளைய தமிழாசிரியர், ‘ஒருவகைப் பறவை’ என்று எழுத நேரும்போது ஒரு கணம் எழுதுகோலை நிறுத்தி, அப்பறவை தம் ஊர் ஏரியில் இருக்கின்றதா என்று சென்று பார்த்துவரட்டும். இருந்தால் அதன் பெயரை எழுதட்டும். இல்லாதுபோயின், எப்போது வரை இருந்தது என்பதை அங்குள்ள பெரியவரிடம் கேட்டு, அதனையும் எழுதட்டும்.